‘சாரி’ எழுதிப் பிழைக்கிறவன்

1

ஒரு நாள் காலையில் பள்ளிக்கு அவசரமாகக் கிளம்பிய என் மகள் இனியா, சாப்பாட்டு மேசை நாற்காலியில் முழங்காலை இடித்துக்கொண்டாள். உடனே அந்த நாற்காலியைப் பார்த்து ‘சாரி’ என்று சொல்லிவிட்டு, ஷூவை மாட்டிக்கொண்டு ஓடிவிட்டாள். பதினாறு வயதுப் பெண். மரத்திடம் மன்னிப்புக் கேட்டதை அவளே கவனிக்கவில்லை. நான் காப்பித் தம்ளரும் கையுமாக நின்று, நாற்காலி ஏதாவது பதில் சொல்லுமோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்தில், பெரியது என்றும் சொல்ல முடியாத சின்னது என்றும் சொல்ல முடியாத ஓர் ஊரில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். இங்கே இது சாதாரணம். பஸ்ஸில் நீங்கள் ஒருவர் காலை மிதித்தால் நீங்களும் சாரி சொல்வீர்கள், மிதிபட்டவரும் சொல்வார். கடையில் வழிவிடச் சொல்லவும் சாரிதான். சொன்னது காதில் விழாவிட்டால் ‘சாரி?’ என்று கேட்பார்கள். கேட்டதைத் தர முடியாது என்றாலும் அதையே சொல்லிக் கையை விரிப்பார்கள். பரிதாபமான நிலையில் இருக்கும் பழைய காரைக்கூட ‘சாரி நிலைமை’ என்பார்கள். திருவிழாக் கூட்டத்தில் கம்பம் பஸ் ஸ்டாண்டில் நின்று ஆளாளுக்கு இப்படிச் சொல்லிக்கொண்டு ஏறினால், குமுளி பஸ் நம்மை விட்டுவிட்டுப் போய் லோயர் கேம்ப்பைத் தாண்டியிருக்கும்.

ஊரில் இருக்கிற உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். என்னால் சிரிக்க முடியாது. அந்தச் சொல்தான் எனக்குச் சோறு போடுகிறது.

2

இந்த ஊர் நகராட்சியில், புகார்களுக்குப் பதில் எழுதுகிற பிரிவில் எனக்கு வேலை. குப்பை வண்டி வரவில்லை, பனி தள்ளுகிற வண்டி தெருப் பனியையெல்லாம் கொண்டுவந்து என் வாசலில் குவித்துவிட்டது, ரோட்டுப் பள்ளத்தில் விழுந்து டயர் போய்விட்டது என்று தினமும் வந்துகொண்டே இருக்கும். பதில் ஒவ்வொன்றிலும் ஒரு சாரி இருந்தாக வேண்டும். எந்த சாரி என்பதில்தான் தொழில் இருக்கிறது.

சேர்ந்த முதல் வாரமே மேலதிகாரி அம்மாள் என்னை உட்காரவைத்துப் பாடம் எடுத்தார். தப்பு நம்முடையது என்று உறுதியாகத் தெரிந்தால், ‘நாங்கள் செய்ததற்கு’ சாரி. யாருடைய தப்பு என்று தெரியாவிட்டால், ‘உங்களுக்கு நேர்ந்ததற்கு’ சாரி. நம்மேல் தப்பே இல்லை, ஆனால் ஆள் கத்துகிறார் என்றால், ‘உங்களுக்கு அப்படித் தோன்றியிருந்தால்’ சாரி. இந்த மூன்றாவதுதான் எங்கள் பிரிவில் அதிகம் செலவாகும். கழுவுற மீனில் நழுவுற மீன் அது. படிக்கிறவருக்கு மன்னிப்பு வந்த மாதிரி இருக்கும், எழுதினவர் எதையும் கொடுத்திருக்க மாட்டார்.

இந்த மாகாணத்தில் இதற்கென்று ஒரு சட்டமே இருக்கிறது. ஒருவர் மன்னிப்புக் கேட்டார் என்பதை வைத்து, அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்று கோர்ட்டில் வாதாட முடியாது. பயமில்லாமல் கேட்கட்டும் என்று போட்ட நல்ல சட்டம்தான். ஆனால் நம் ஊர் டீக்கடையில் இதை விளக்கிச் சொன்னால், “அப்ப தப்பு செஞ்சேன்னு சொல்லாம என்னத்த மன்னிப்புக் கேக்குறான்?” என்றுதான் கேட்பார்கள்.

வருடக்கணக்கில் எழுதி எழுதி எனக்குக் கை பழகிவிட்டது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு என் கடிதங்களைத்தான் மாதிரியாகக் காட்டுகிறார்கள். ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அது நான்தான். இத்தனை கெட்டிக்காரன் கம்பம் பக்கத்துக் கூடலூரில் இருக்கும் சொந்த அண்ணனிடம் மூன்று வருடமாக ஒரு மன்னிப்பை ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாமல் திண்டாடினேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

3

நாற்காலி சம்பவம் நடந்த அதே மாதத்தில் இனியாவின் ஆங்கில ஆசிரியை வகுப்புக்கு ஒரு வேலை கொடுத்தார். தினமும் வாயில் வருகிற ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு, அது எங்கிருந்து வந்தது, எப்படியெல்லாம் புழங்குகிறது என்று எழுத வேண்டும். அப்பா பிழைப்பே அதில்தானே ஓடுகிறது என்று இனியா ‘சாரி’யை எடுத்துக்கொண்டாள்.

சாப்பிடும்போது மடிக்கணினியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னாள். அவள் பேசுவது பாதிக்குமேல் ஆங்கிலம், நான் நம் பேச்சில் தருகிறேன்.

“அப்பா, இது முதல்ல மன்னிப்பே இல்ல. வலி.”

பழைய ஆங்கிலத்தில் வலி, புண் என்று பொருள்படும் ஒரு சொல்லிலிருந்து பிறந்ததாம். இன்றைக்கும் அடிபட்ட இடத்தை ‘சோர்’ என்கிறார்களே, அதற்கும் இதற்கும் ஒரே வேர். துக்கத்தைச் சொல்லும் ‘சாரோ’ என்ற சொல்தான் இதன் தாய் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள், ஆனால் அது வேறு குடும்பமாம். பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்து பேச்சும் சாயலும் ஒட்டிக்கொண்டதோடு சரி.

“அப்படின்னா அந்தக் காலத்துல ஒருத்தர் சாரின்னு சொன்னா, ‘எனக்கு வலிக்குது’ன்னு அர்த்தம். ‘உனக்கு வலிச்சா நாங்க பொறுப்பில்ல’ன்னு அர்த்தமில்ல” என்றாள். என் மனைவி சுதா சிரித்ததில் அவளுக்குப் புரையேறிவிட்டது.

“தமிழ்ல என்ன சொல்வீங்க?”

“மன்னிப்பு.”

“யாரு யாருக்குச் சொல்வாங்க?”

யோசித்துப் பார்த்தேன். எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. மேடையில் மைக் மக்கர் பண்ணினால் பேச்சாளர் சொல்வார். கோயிலில் ‘பொறுத்துக்க ஆத்தா’ என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். எங்கள் அப்பா அடித்துவிட்டுப் போன அன்றைக்குச் சாயங்காலம் ஒரு காராச்சேவுப் பொட்டலம் வரும், அதை அவர் கையில் கொடுக்க மாட்டார், ஜன்னலில் வைத்துவிட்டுப் போவார். நாங்கள் எடுத்துத் தின்றால் விவகாரம் முடிந்தது. யாராவது காலை மிதித்துவிட்டால் சொல்லக் கூடலூரில் ஒரு பதில் உண்டு, ‘சாரமில்ல’, பரவாயில்லை என்று அர்த்தம். அதுவும் மலைக்கு அந்தப் பக்கமிருந்து மலையாளத்தில் கடன் வாங்கியது. மன்னிப்புக் கேட்கிற பழக்கமே இல்லாததால் அதற்குப் பதிலும் நாம் செய்து வைத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

“வருந்துகிறேன்னும் சொல்றதுண்டு” என்றாள் சுதா.

அது நல்ல சொல். இங்கே எங்கள் தெரு முனையில் காய்கறிக் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து அம்மா, “பிள்ளைக்கு வருத்தமோ?” என்று கேட்டால் உடம்புக்கு முடியவில்லையா என்று பொருள். ஆக நம்மிடமும் அது வலிதான். இனியா அதையும் குறித்துக்கொண்டாள்.

பிறகு கடைசிக் கேள்விக்கு வந்தாள். வீட்டில் ஒருவரைக் கேட்டு எழுத வேண்டுமாம். நீங்கள் கேட்டிருக்க வேண்டிய, ஆனால் சரியாகக் கேட்காமல் போன ஒரு மன்னிப்பு எது? சுதா சிரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

4

மூன்று வருடத்துக்கு முன்னால் ஊருக்குப் போயிருந்தோம். அப்போது இனியாவுக்குப் பதின்மூன்று. வந்து இறங்கியதுமே அவளுக்கு வயிறு கெட்டுவிட்டது. வெந்நீர் வேண்டும், ஏசி வேண்டும், உட்கார்ந்து போகிற கக்கூஸ் வேண்டும் என்று தேனியில் ஒரு லாட்ஜில் ரூம் போட்டோம். அண்ணன் வீட்டில் இருந்தது அந்தக் காலத்து ஓடு வேய்ந்த கழிப்பறை, கொல்லைக் கோடியில். நான் அதில் வளர்ந்தவன். என் மகளை அதில் வைத்துக்கொண்டு சமாளிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அண்ணன் என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். கூடலூரிலிருந்து மலைமேல் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டுகிறார், கொஞ்சம் திராட்சைப் பந்தலும் உண்டு. நாங்கள் வருகிறோம் என்று அன்றைக்கு ஜீப்பை எடுக்கவில்லை. மதினி நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்து, இலை நறுக்கி வைத்திருந்தார்கள். நாங்கள் போன நேரம் மூன்று மணி. வழியிலேயே இனியாவுக்கு இரண்டு தடவை வாந்தி. சாயங்காலம் போடியில் சுதா வீட்டில் காத்துக்கொண்டிருந்தார்கள்.

“இப்பத்தான் சாப்பிட்டு வந்தோம்” என்று ஒரு பொய் சொன்னேன். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னால், லாட்ஜில் எதற்கு வைத்திருக்கிறாய், இங்கே விட்டுவிட்டுப் போ என்பார்கள் என்ற பயம். மதினி கலர் சோடா உடைத்துக் கொண்டுவந்தார்கள். வேண்டாம் என்றோம். காப்பி கலந்தார்கள். வேண்டாம் என்றோம். இனியா பையிலிருந்து லாட்ஜில் வாங்கிய தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தாள், ஆளுக்கு ஒரு வாய் நாங்களும் குடித்தோம். அரைமணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுக் கார் ஏறிவிட்டோம்.

நம் பக்கத்தில் அதற்கு என்ன பொருள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, என் மகளுக்குத்தான் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு வீட்டில் கை நனைத்தால், அதாவது ஒரு வாய் சாப்பிட்டால், உறவு. சண்டை போட்டுப் பிரிந்தவர்கள்தான் ‘அவன் வீட்டில் கை நனைக்க மாட்டேன்’ என்பார்கள். உள்ளே வந்து உட்கார்ந்து, பச்சைத் தண்ணீர்கூடத் தொடாமல் எழுந்துபோவது எழவு வீட்டில் மட்டும்தான். நான் அதை அண்ணன் வீட்டில், தெருவே பார்த்துக்கொண்டிருக்கும்போது செய்துவிட்டு வந்தேன். வெளிநாட்டுக்காரன் யாரும் இந்தத் தப்பைச் செய்ய முடியாது, அவனுக்கு அது தப்பே இல்லை. இதைச் செய்ய அந்த வீட்டுப் பிள்ளையாக இருக்க வேண்டும்.

5

கனடா திரும்பி இரண்டு வாரம் கழித்து மதினி போனில் சொன்னார்கள். “தெருவுல கேக்குறாக தம்பி. உங்க கொழுந்தனாரு வந்தாகளாமே, கை நனைக்கலையாமேன்னு. நான் என்னத்தச் சொல்ல?”

அன்றைக்கே அண்ணனுக்கு ‘சாரி அண்ணே’ என்று வாட்ஸப்பில் அனுப்பினேன், கூடவே இரண்டு கும்பிடுகிற கைகள். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது.

மனசு ஆறாமல் ஒரு கடிதம் எழுதினேன். தமிழில், இரண்டு பக்கம், தபாலில். நகல் வைத்திருந்தேன், இப்போது எடுத்துப் படித்தால் எனக்கே என்னை அறைய வேண்டும் போலிருக்கிறது. ‘எங்கள் வருகையின்போது தங்களுக்கு மன வருத்தம் ஏற்பட்டிருந்தால் அதற்காக மிகவும் வருந்துகிறேன். தவிர்க்க முடியாத சூழ்நிலை, பயண நேரம் ஆகிய காரணங்களால்…’ சொந்த அண்ணனுக்கு மூன்றாம் நம்பர் சாரியை எழுதி அனுப்பியிருக்கிறேன். பழக்க தோஷம். குப்பை வண்டி வரவில்லை என்று அண்ணன் புகார் கொடுத்திருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும்.

“உங்க அண்ணன் மூணு தடவ படிச்சாக” என்றார்கள் மதினி. “படிச்சுப்புட்டு, இது யாருக்கு வந்த லெட்டருன்னு கேட்டாக.”

அதற்குப் பிறகு நான் போன் பண்ணினால் அண்ணன் எடுப்பார், எடுக்காமல் இருக்க மாட்டார். “நல்லா இருக்கீகளா? பிள்ளை நல்லா இருக்கா?” தம்பியிடம் ‘இருக்கீகளா.’ நான் அந்தப் பேச்சை எடுத்தால், “சாரமில்ல, சாரமில்ல, வேலையப் பாருங்க” என்று மதினியிடம் கொடுத்துவிடுவார். திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது. அப்பா போனபின் என்னைப் படிக்க வைத்தவர் அவர். அந்த மரியாதைப் பேச்சைக் கேட்கும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எனக்கு அழுகை வரும். கோபம் தீரட்டும், ஆறப்போடுவோம் என்று சுதாவிடம் சொல்லிக்கொண்டே மூன்று வருடத்தை ஓட்டினேன்.

இதையெல்லாம் சாப்பாட்டு மேசையில் இனியாவிடம் சொன்னேன். அவள் தட்டச்சு செய்வதை நிறுத்தி ரொம்ப நேரமாகியிருந்தது.

“அந்தத் தண்ணி பாட்டில் நான்தானே?” என்றாள்.

“நீ சின்னப் பிள்ளை. உனக்கு முடியாம இருந்துச்சு.”

“எனக்கு யாருமே ஏன் சொல்லல? மூணு வருஷமா பெரியப்பா என்னைப் பத்தி என்ன நினைச்சிருப்பாங்க?” கண் கலங்கிவிட்டது அவளுக்கு. கண்ணைத் துடைத்துக்கொண்டு கோபமாகக் கேட்டாள், “அவங்களுக்கு வலிச்சிருக்கு. நீங்க லெட்டர் எழுதினீங்களா?”

பிள்ளைகள் கைவிட்டுப் போகிறார்கள், நம் பேச்சு போய்விட்டது, நம் பழக்கம் போய்விட்டது என்று புலம்புகிற கூட்டத்தில் நானும் ஒருவன். அன்றைக்கு அந்தப் புலம்பலைக் கொஞ்சம் சுருட்டி வைத்தேன். எங்கள் மூன்று பேரில் விஷயத்தைச் சரியாகப் பிடித்தவள் அவள்தான்.

6

கோடை விடுமுறையில் கிளம்பினோம். சுதா நேராகப் போடிக்குப் போனாள். நானும் இனியாவும் கூடலூர். அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால் மதினி கோழி அடிப்பார்கள், இலை போடுவார்கள், அது விருந்தாளிக்குச் செய்வது. முன்னறிவிப்பு இல்லாமல் மத்தியான நேரத்தில் போய், பசிக்கிறது என்று உட்கார வேண்டும் என்பது இனியாவின் திட்டம். அதற்காக ‘பெரியம்மா, பசிக்குது, சோறு போடுங்க’ என்ற வாக்கியத்தை விமானத்தில் எத்தனை தடவை சொல்லிப் பார்த்தாள் என்று கணக்கில்லை. பக்கத்து இருக்கைக்காரர் கடைசியில் தன் பிஸ்கட் பாக்கெட்டை நீட்டிவிட்டார்.

நான் ஒரு காரியம் செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். மறுபடியும் லாட்ஜில் ரூம் போட்டேன், இந்தத் தடவை கம்பத்தில். இனியா திட்டினாள். ஆனால் பெட்டியோடு போய் வாசலில் நின்று, அண்ணன் ‘வாங்க’ என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டால் எங்கே போவது? ஐம்பது வயசில் எனக்கு அந்தத் தைரியம் இல்லை. பெட்டிகளை ரூமில் போட்டுவிட்டு, லாட்ஜ் பெயரும் ரூம் நம்பரும் போட்ட சாவியைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினோம்.

7

ஆடிக்காற்று ஆளைத் தள்ளியது. வீட்டு வாசலில் அண்ணன் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தார். காலையில் ஆட்களை மலையில் இறக்கிவிட்டு வந்திருக்கிறார், இனிச் சாயங்காலம்தான் கூட்டிவரப் போக வேண்டும். எங்களைப் பார்த்ததும் கையிலிருந்த டியூபைக் கீழே போட்டார். தண்ணீர் தெருவில் ஓடியது.

“வாங்க” என்றார். “எப்ப வந்தீக?”

“நேத்து ராத்திரிண்ணே. கம்பத்துல தங்கியிருக்கோம்.”

“ஓ” என்றார். டியூபை எடுத்துக் குழாயை மூடப் போய்விட்டார். கம்பத்தில் தங்கியிருக்கிறோம் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லித் தொலைத்த என் வாயை என்ன செய்வது?

மதினி உள்ளேயிருந்து ஓடிவந்து இனியாவைக் கட்டிக்கொண்டார்கள். இனியா நேரம் கடத்தவில்லை. “பெரியம்மா, பசிக்குது, சோறு போடுங்க” என்றாள். ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தது.

மதினி திகைத்துப் போனார்கள். “ஐயய்யோ, ஆடிச் செவ்வாயா பாத்தா வருவீக? கவிச்சி இல்லையே. கத்திரிக்கா புளிக்கொழம்பும் அப்பளமும்தான் கெடக்கு. செத்த இருங்க, கடைக்கு ஓடி…”

“இருக்கறதப் போடுங்க மதினி. எங்கயும் போகாதீங்க” என்றேன்.

பாயை விரித்தார்கள். பாக்கெட்டில் உறுத்திய சாவியையும் போனையும் டிவி பெட்டி மேல் எடுத்து வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அண்ணன் உள்ளே வந்து, டிவிப் பக்கம் தொங்கிய துண்டில் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி வெளியே போனார். இனியா கை கழுவப் பின்பக்கம் போனவள் திரும்பி வந்து, “அப்பா, அங்கே புது பாத்ரூம் இருக்கு. நம்ம வீட்டுல மாதிரி” என்று காதருகில் சொன்னாள். அப்போதுதான் நானும் பார்த்தேன். அடுப்படிச் சுவரில் தண்ணீர் சுத்தம் செய்கிற மெஷின் மாட்டியிருந்தது. முற்றத்திலிருந்து மேலே ஒரு புது மாடிப்படி போனது.

“இதெல்லாம் எப்ப மதினி?”

மதினி சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னார்கள். “நீங்க வந்துட்டுப் போன மறு மாசம் தொடங்குனாக. பிள்ளைக்கு நம்ம வீட்டுத் தண்ணி ஆகல, கக்கூஸு ஆகல, அதான் லாட்ஜுல தங்குனாக, அதான் வாயில தண்ணி படலன்னு சொல்லிச் சொல்லி மாஞ்சு போனாக மனுசன். ‘என் தம்பி மகளுக்கு ஒரு வா தண்ணி குடுக்க வக்கில்லாத வீடா வெச்சிருக்கேனே’ன்னு ஒரு நா அழுதே போட்டாக. மேல ஒரு ரூம்பு எடுத்து, அங்கனயே ஒரு பாத்ரூமும் கட்டிப் போட்டிருக்காக. காத்து அள்ளிக்கிட்டு வரும். ஒரு மழைக்குத் திராட்சப் பொட்டிய அடுக்கிக்கிறேன்னு கேட்டேன், விட மாட்டேனுட்டாக.”

“எனக்கு ஏன் சொல்லல? போன்ல ஒரு வார்த்தை?”

“கட்டி வெச்சிருக்கேன், வந்து தங்குன்னு கூப்புடவா முடியும்? அதுக்கு மேலயும் நீங்க லாட்ஜுலயே தங்கிட்டா, அந்த மனுசன் என்ன ஆவாக?”

மூன்று வருடமாக அண்ணன் கோபமாக இருக்கிறார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். கோபத்துக்குத்தான் அந்தக் கடிதமும், கும்பிடுகிற கைகளும், சமாதானமும். அவர் கோபப்படவே இல்லை. கூனிக் குறுகிப் போயிருந்திருக்கிறார். என்னை ஒரு சொல் குறை சொல்லாமல், குறையைத் தன் வீட்டின் மேல் போட்டுக்கொண்டு, கொத்தனாரைக் கூப்பிட்டிருக்கிறார். நான் எந்த நம்பர் சாரியை எழுதினாலும் அது போய்ச் சேர்ந்திருக்காது.

அழுதுவிட்டேன். மகள் முன்னால், மதினி முன்னால், புளிக்குழம்புச் சோற்றில் கையை வைத்துக்கொண்டு. “பிள்ளைக்கு வயித்தால போச்சு மதினி, அவ்வளவுதான் அன்னிக்கு. சொல்லப் பயந்துக்கிட்டு, சாப்பிட்டு வந்தோம்னு பொய் சொன்னேன்” என்றேன். மூன்று வருடத்தில் நான் சொன்ன முதல் நேர் வாக்கியம் அது.

“இம்புட்டுத்தானா?” என்றார்கள் மதினி. தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்கள், கண்ணையும் துடைத்துக்கொண்டார்கள். “மொதல்ல உங்க அண்ணங்கிட்டச் சொல்லுங்க.”

அப்போதுதான் வெளியே ஜீப் கிளம்புகிற சத்தம் கேட்டது. எழுந்து வாசலுக்கு வருவதற்குள் வண்டி தெரு முனையைத் தாண்டிவிட்டது.

“எங்க போறாகன்னு தெரியலையே” என்று மதினி கையைப் பிசைந்தார்கள். “இந்நேரத்துக்கு மலைக்குப் போக மாட்டாகளே.”

எனக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். மறுபடியும் லாட்ஜில் ரூம் போட்டவன் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் போகிறார். அந்த ஒரு ‘ஓ’வில் இருந்தது அதுதான். திரும்பி வந்து பாயில் உட்கார்ந்தேன். இனியா என்னைப் பார்த்தாள். பிறகு தட்டை நீட்டி, “பெரியம்மா, இன்னும்” என்றாள். காரம் பழக்கமில்லை அவளுக்கு, மூக்கிலும் கண்ணிலும் ஒழுகியது. துடைத்துக்கொண்டு மூன்றாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டாள். மதினி மெஷினில் பிடித்த தண்ணீரைச் சொம்பில் கொண்டுவந்து வைத்தார்கள். முழுச் சொம்பையும் குடித்தாள். நானும் தட்டில் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். அண்ணன் வருகிறாரோ இல்லையோ, இந்தத் தடவை சாப்பிடாமல் எழுந்திருக்கக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தது.

ஜீப் சத்தம் மறுபடி கேட்டபோது இரண்டு மணி ஆகியிருந்தது. வாசலுக்குப் போனேன். அண்ணன் ஜீப்பின் பின்பக்கக் கதவை இறக்கிக்கொண்டிருந்தார். உள்ளே எங்கள் இரண்டு பெட்டிகளும், ஒரு மஞ்சள் பையும் இருந்தன.

“அண்ணே, இது…”

“என்னடா முழிக்கிற? டிவி மேல சாவிய வெச்சிருந்தேல்ல, எடுத்துட்டுப் போனேன். அந்த லாட்ஜு மேனேஜரு நமக்குப் பழக்கந்தான். ரூமக் காலி பண்ணியாச்சு.”

“அன்னிக்குப் பாப்பாவுக்கு வயிறு சரியில்லண்ணே. நான்தான் பொய்…”

“அதெல்லாம் அப்பறம் பேசிக்கலாம். சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன்.”

“பிள்ளை?”

“மூணு தடவ வாங்கிச் சாப்பிட்டா.”

அவர் பெரிய பெட்டியைத் தோளில் ஏற்றினார். “கொடியில காயப்போட்ட துண்டு, பாத்ரூம்ல பிரஷ்ஷு, கட்டிலுக்கு அடியில கெடந்த பிள்ளை செருப்பு, சார்ஜரு, எல்லாத்தையும் அந்தப் பைக்குள்ள போட்டிருக்கேன். ஏதும் விட்டுப்போச்சான்னு பாத்துக்க. ஏலே, பொட்டி என்ன இந்தக் கனம் கனக்குது, கல்லையா அள்ளிட்டு வந்த?”

இனியா ஓடிவந்து, “பெரியப்பா, நான் தூக்குறேன்” என்று பெட்டியைப் பிடித்தாள்.

“நீ மேல போயிக் கதவத் தொற ஆத்தா” என்றார் அண்ணன். “தாப்பா கொஞ்சம் இறுக்கமா இருக்கும். ரெண்டு நாளு தொறந்து பூட்டுனா சரியாப் போயிரும்.”